செல்வராஜ் அண்ணன் கையெழுத்தில் பார்த்த ஸ்பெயின்

போன வெள்ளிக்கிழமை துபாயில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். பம்ப் அருகில் நின்ற நேபாளக்காரர் குனிந்து, "மேடம், ஸ்பெஷல்?" என்றார். இங்கே சாதாரணப் பெட்ரோலுக்கு அதுதான் பெயர். "ஸ்பெஷல். டீசல் வேண்டாம்" என்றேன். அவர் என் சின்ன வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். "இதுக்கு யாராவது டீசல் போடுவாங்களா மேடம்?" என்று இந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவருக்கு என் வரலாறு தெரியாது. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டவள் நான். அதுவும் ஸ்பெயினில்.

பெட்ரோல் வாசனை அடித்தால் சிலருக்குச் சித்தப்பாவின் ஸ்கூட்டர் ஞாபகம் வருமாம். எங்கள் வீட்டில் யாருக்கும் ஸ்கூட்டர் கிடையாது. எனக்கு ஆலிவ் மரங்களும், ஒரு மெக்கானிக்கின் எண்ணெய்க் கையும், கம்பெனி இரும்புப் பெட்டியும் ஞாபகம் வரும். அந்த வரிசையில்தான் வரும்.

அப்போது நாங்கள் மூன்று பேர் துபாயின் சத்வா பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். கீழே வரிசையாகத் தையல்கடைகள். வியாழக்கிழமைகளில் இஸ்திரிப் பெட்டியின் ஆவி மூன்றாம் மாடி வரைக்கும் ஏறி வரும். ஜெசிந்தா நாகர்கோவில்காரி, ஒரு கிளினிக்கில் நர்ஸ். வித்யா ஷார்ஜாவில் வளர்ந்தவள். அப்பா அம்மா ஷார்ஜாவிலேயே இருந்தும், அந்த டிராபிக்கில் தினமும் வந்து போக முடியாது என்று எங்களோடு தங்கியிருந்தாள். விளம்பரக் கம்பெனியில் வேலை. நான் அரியலூர்ப் பக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு கட்டுமானக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். எட்டு வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் தபால், கூப்பன், பேங்க் நோட்டீஸ் எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். தெருவில் மற்றவர்களும் கொண்டுவந்து நீட்டுவார்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

மலிவாக டிக்கெட் வருகிறது என்று கண்டுபிடித்தது வித்யா. பார்சிலோனாவில் இறங்கி, வாடகை வண்டி எடுத்து, வாலென்சியா, கிரனாடா, செவில், கொர்டோபா வழியாக மாட்ரிட் போய் அங்கிருந்து விமானம் ஏறுவது என்று திட்டம். வித்யாவிடம் லைசன்ஸ் இல்லை. ஜெசிந்தாவுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. என்னிடம் இருந்தது. துபாய் லைசன்ஸை ஆறாவது டெஸ்ட்டில் வாங்கியிருந்தேன். ஐந்து முறை நான் தோற்றதைப் பார்க்காத ஒரு சாலையில் ஓட்ட வேண்டும் என்ற ஆசைதான், உண்மையைச் சொன்னால், என்னை ஐரோப்பாவுக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஆனால் பாஸ்போர்ட் என் கையில் இல்லை. அந்தக் காலத்தில் பல கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். சட்டப்படி சரியா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் கம்பெனியில் அதற்கு மேல் ஒரு வழக்கம்: ஒருவர் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தால் இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போனவர் திரும்பி வந்து பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்வரை ஜாமீன் போட்டவரின் பாஸ்போர்ட் பெட்டியை விட்டு வெளியே வராது. ஊருக்குப் போகிறேன் என்றால் யாராவது போட்டுவிடுவார்கள். நான் ஸ்பெயின் என்றேன். ஆபீசில் இருந்த எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. "யூரோப் போனவ திரும்பி வருவாளா?" என்று ஒரு இன்ஜினியர் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது என் காதில் நன்றாக விழுந்தது.

அப்போது டெலிவரி நோட்டோடு உள்ளே வந்தவர் செல்வராஜ் அண்ணன். சைட் ஸ்டோர்கீப்பர். பெரம்பலூர்க்காரர், அல்கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தார். "என்ன ஃபாரம் அது? குடு, நான் போடறேன்" என்று என் மேஜையில் இருந்த பேனாவை எடுத்தார்.

"அண்ணே, ஒங்களுக்கு லீவு வருதே."

"வருது. வெள்ளிக்கெழம காலையில திருச்சி பிளைட்டு. நீ வியாழக்கெழம வந்துருவல்ல?"

"காலையிலயே வந்துருவேன்."

"அப்பறம் என்ன."

இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு அவருக்கு. ஊரில் பாதியில் நின்ற வீட்டுக்கு இந்த லீவில்தான் கான்கிரீட் கூரை போடப்போவதாக ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வராவிட்டால் அவர் போக முடியாது. அதை நினைத்து, "எதுக்கண்ணே எனக்குப் போடறீங்க?" என்று கேட்டேன்.

"நான் கொண்டாற டெலிவரி நோட்ட எல்லாரும் பாக்காமலே கையெழுத்துப் போட்டுத் தருவானுவோ. நீ ஒருத்திதான் நட்டு போல்ட்டு வரைக்கும் படிச்சுப் பாத்துட்டுப் போடுவ. அப்படியாப்பட்டவ தேதி தப்பமாட்ட."

பெட்டிக்குப் பொறுப்பான பி.ஆர்.ஓ. சூடான்காரர், வயதானவர். பாஸ்போர்ட்டை என் கையில் கொடுக்கும்போது ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "தர்ஸ்டே, ஏக் பஜே. உஸ்கே பாத் மாஃபி." மாஃபி என்றால் அரபியில் 'இல்லை'. வியாழன் ஒரு மணிக்குப் பூட்டிக்கொண்டு போனால் சனிக்கிழமைதான் திறப்பார் என்று அர்த்தம்.

பயணத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் சில்லறை விஷயங்கள்தான். ஜெசிந்தா அரை லிட்டர் கொள்ளும் ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மாங்காய் ஊறுகாய் என்று தனிப் பெட்டியே கொண்டுவந்திருந்தாள். விடுதி அறைகளில் சமைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டுச் சோறு வடிப்பாள். வாலென்சியாவின் பெரிய தேவாலயத்தைவிட அந்தக் குளியலறையின் நீல ஓடுகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

அதே வாலென்சியாவில் ஒரு காபிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு முறை ஹார்ன் அடித்தேன். சத்வாவில் அப்படித்தான் டீ வாங்குவோம். ஹார்ன் அடித்தால் கடையிலிருந்து ஆள் ஓடிவந்து கண்ணாடி வழியாகக் கொடுத்துவிட்டுப் போவார். இங்கே கடைக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் வெளியே வந்து, எங்கள் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். "டீ வரல, டயர் செக் பண்ணிட்டுப் போறாருட்டி" என்றாள் ஜெசிந்தா. இறங்கிப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

கிரனாடா அரண்மனைச் சுவரெல்லாம் அரபி எழுத்து. எனக்கு அரபி எழுத்து லேபர் கார்டிலும் தயிர் டப்பாவிலும்தான் பழக்கம். அதைச் சுண்ணாம்புச் சுவரில் பூவேலைபோலப் பார்த்ததும் ஆச்சரியமாக இருந்தது. வித்யா பள்ளிக்கூடத்தில் கட்டாயமாக அரபி படித்தவள். "நைன் இயர்ஸ் படிச்சதுக்கு இன்னிக்குத்தான்டி யூஸ்" என்று சுவரோரமாக நடந்தாள். கால்மணி நேரம் கழித்து 'அல்லாஹ்' என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்தாள். அதற்கு மேல் நகரவில்லை.

செவிலுக்குப் போகும் வழியில் முதல்முறையாக வண்டிக்கு எண்ணெய் தேவைப்பட்டது. பங்கில் நிறுத்திவிட்டு, துபாய் வழக்கப்படி உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். "ஃபுல்" என்றேன். அவரே மூடியைத் திறந்தார், போட்டார், மூடினார். உலகம் முழுவதும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள், புதன்கிழமை. காலையில் கொர்டோபாவிலிருந்து கிளம்பினோம். மாட்ரிட்டில் இரவு எட்டு மணிக்கு விமானம். ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். நாலு மணி நேர ஓட்டம்தான், தாராளமாக நேரம் இருந்தது. ஒரு மணி நேரம் ஓடியதும் நெடுஞ்சாலையோரம் ஒரு பங்கில் நிறுத்தினோம். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. ஹார்ன் அடிக்கக் கை போனபோது, "வாலென்சியா மறந்துபோச்சா?" என்றாள் வித்யா. எதிர்ப்பக்கம் ஒரு பெண் தானே இறங்கிக் குழாயை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இறங்கினேன். குழாயை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையாலேயே பெட்ரோல் போட்டேன். ஜெசிந்தாவைப் படம்கூட எடுக்கச் சொன்னேன். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. ஒரு கை இடுப்பில், ஒரு கை குழாயில், முகத்தில் பெரிய சாதனை.

கொஞ்சத் தூரம் போனதும் வண்டி இருமியது. அப்புறம் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். மேட்டில் ஏற மறுத்தது. ஓரம் கட்டினேன். நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் ஆலிவ் மரங்கள், கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்ததுபோல.

ஒரு விவசாயி தன் வண்டியில் கயிறு கட்டி எங்களைப் பக்கத்து ஊர் மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர், பெரிய மீசை. ஒரு முறை சாவியைத் திருப்பிச் சத்தத்தைக் கேட்டார். இறங்கினார். எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, மூடிக்கு மேலிருந்த சின்னக் கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். மஞ்சள் ஸ்டிக்கர். ஆங்கிலப் பெரிய எழுத்தில் டீசல் என்று இருந்தது.

துபாயில் டீசல் என்றால் லாரி, தண்ணீர் டேங்கர், சைட் ஜெனரேட்டர். அங்கே சின்னக் கார் டீசல் குடித்து நான் பார்த்ததே இல்லை. அதெல்லாம் சரி. எழுதியிருந்ததே. தெரு முழுக்கத் தபால் படித்துக்கொடுத்தவள், நட்டு போல்ட்டு வரைக்கும் படிப்பவள், கண் முன்னால் இருந்த ஒரு வார்த்தையைப் படிக்கவில்லை.

டேங்க்கை முழுவதும் இறக்க வேண்டும், ஃபில்டரைக் கழுவ வேண்டும் என்று சைகையில் காட்டினார். எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றிருந்தது. மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்குக் கடை சாத்துவார், ஐந்து மணிக்குத் திறப்பார். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு மதியம் கடை சாத்துவதைப் புரியவைக்க வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு மேல் அவர் கைவைத்தால் விமானம் போய்விடும்.

"ஏட்டி, நீ பஸ் பிடிச்சுப் போ" என்றாள் ஜெசிந்தா. "எனக்கு ரெண்டு நாள் லேட் ஆனா டாக்டர் கத்துவாரு, அம்புட்டுதான். ஒனக்கு அந்த அண்ணன்லா மாட்டிக்கிடுவாரு."

"அப்போ கார யாருடி ஓட்டறது?" என்றாள் வித்யா. "ரெண்ட்டல் பேப்பர்ல இவ பேர் மட்டும்தான் இருக்கு."

இரண்டு பேரும் சொன்னது சரி. தெரு முனையில் போன் பூத் இருந்தது. செல்வராஜ் அண்ணனிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம், டிக்கெட்டையாவது மாற்றிக்கொள்ளட்டும் என்று போனேன். மணி அடித்ததும் எடுத்துவிட்டார். பின்னால் சர்ர் சர்ர் என்று டேப் இழுக்கும் சத்தம்.

"சொல்லும்மா. ஸ்டோர்லதான் இருக்கேன். கார்ட்டன் கட்டிக்கிட்டு இருக்கோம். முப்பது கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாதாம், பயலுவோ பாதிய எடுத்து வெளிய வைக்கிறானுவோ. என்ன, ஏர்போர்ட் போயாச்சா?"

"போய்க்கிட்டே இருக்கேண்ணே. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீஸ்ல இருப்பேன்."

"அதான் தெரியுமே" என்று வைத்துவிட்டார்.

பொய் சொல்லிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். மெக்கானிக்குக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களிடம் இருந்த ஸ்பானிஷ் 'நன்றி'யோடு முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். சாலை வரைபடத்தைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். அவருடைய ஷெட். மாட்ரிட் வரை சாலை, தூரம். விமானம், மணி எட்டு. பாலைவனத்தில் ஒரு ஆபீஸ். அதற்குள் இரும்புப் பெட்டி, உள்ளே ஒரு பாஸ்போர்ட். அதிலிருந்து கோடு இழுத்து, கார்ட்டனோடு நிற்கும் ஒரு மனிதர். என்னிடமிருந்து ஒரு பாஸ்போர்ட் உள்ளே போனால் அவருடையது வெளியே வரும் என்று அம்புக்குறிகள். அதற்கப்பால் இன்னொரு விமானம், கூரையில்லாத ஒரு வீடு, வாசலில் ஒரு பெண், இரண்டு குழந்தைகள். பழக்க தோஷத்தில் வலது கீழ்மூலையில் பெட்டி கட்டி, தேதி போட்டு, என் கையெழுத்தையும் போட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவசரப்படாமல் பார்த்தார். இரும்புப் பெட்டியில் விரலை வைத்து என்னைக் கேள்வியாகப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். நம்ப முடியாதவர்போல உதட்டைப் பிதுக்கினார். பிறகு என் பேனாவை வாங்கி, ஷெட் படத்துக்கு மேலே ஒரு கடிகாரம் வரைந்தார். இரண்டரை. எனக்கு முன்னால் நின்ற வண்டியை வெளியே தள்ளிவிட்டார்.

நான் போட்ட படங்களில் திருத்தம் எதுவும் இல்லாமல் முதல் தடவையிலேயே அப்ரூவ் ஆனது அது ஒன்றுதான்.

இரண்டு மணிக்கு அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தார். மெக்கானிக் படத்தைக் காட்டினார். அந்த அம்மா படத்திலிருந்த வீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய் ஒரு தட்டில் ரொட்டியும் முட்டை அடையும் கொண்டுவந்து எங்களுக்கும் சேர்த்து வைத்தார். ஜெசிந்தா பதிலுக்கு ஊறுகாயை எடுத்து நீட்டினாள். மெக்கானிக் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஃபில்டரை மாட்டினார். இரண்டே முக்காலுக்கு வண்டி கிளம்பியது. படத்தைத் திருப்பிக் கேட்க நினைத்தேன். அதற்குள் அதைச் சுவரில் ஒட்டியிருந்தார்.

விமானத்தைப் பிடித்துவிட்டோம். மறுநாள் துபாய் விமான நிலையத்திலிருந்து நேராக ஆபீஸ். பன்னிரண்டே கால். பி.ஆர்.ஓ. ஜன்னல் முன்னால் செல்வராஜ் அண்ணன் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என் பாஸ்போர்ட் உள்ளே போயிற்று. அவருடையது வெளியே வந்தது. படத்தில் நான் போட்ட அம்புக்குறி மாதிரியே. அப்புறம்தான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், போனில் சொன்ன பொய் உட்பட. "பெட்ரோலயா ஊத்துன?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ நட்டு போல்ட்டு வரைக்கும் படிப்பன்னு சொன்னேனே."

சிரித்து முடித்துவிட்டு இன்னொரு ஃபாரத்தை நீட்டினார். அவர் லீவுக்கும் ஜாமீன் வேண்டுமே. "இப்ப நீ எனக்குப் போடு." வரிக்கு வரி படித்துவிட்டுப் போட்டேன்.

இரண்டு மாத லீவு. இரண்டு மாதம் முடிந்தும் அவர் வரவில்லை. அப்போது பார்த்து வித்யா கிரீஸுக்கு டிக்கெட் கண்டுபிடித்தாள். நான் பி.ஆர்.ஓ. ஜன்னலுக்குப் போனேன். அவர் இரும்புப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "செல்வராஜ் மாஃபி, பாஸ்போர்ட் மாஃபி" என்றார். வித்யாவும் ஜெசிந்தாவும் போனார்கள். வண்டி ஓட்ட ஆளில்லாததால் பஸ்ஸில் சுற்றினார்கள். ஏதென்ஸிலிருந்து எனக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது: "இங்கே பெட்ரோல் பங்க் நிறைய இருக்கிறது."

செல்வராஜ் அண்ணன் மூன்று வாரம் தாமதமாக வந்தார். ஆபீசில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் கத்துவேன் என்று. "என்னண்ணே, டீசல் வண்டில பெட்ரோல் ஊத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"மழையில மோல்டு போடறது தள்ளிப்போச்சும்மா. போட்டுட்டு இருபத்தொரு நாள் தண்ணி கட்டாம வந்தா கான்கிரீட் என்னாவும்? நீ ட்ராயிங் போடற புள்ள, ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த வரியை நானே எத்தனையோ படங்களில் டைப் அடித்திருக்கிறேன். கிரீஸ் இன்றுவரை பார்க்கவில்லை.

சத்வாவில் நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கட்டுமானங்கள் நின்றுபோன காலத்தில் எங்கள் கம்பெனியும் மூடியது. கடைசி நாளில் எல்லோர் பாஸ்போர்ட்டையும் மேஜைமேல் கொட்டி, பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஜாமீன் யாரும் கேட்கவில்லை. ஜெசிந்தா அயர்லாந்தில் இருக்கிறாள், வித்யா கனடாவில். செல்வராஜ் அண்ணன் பெரம்பலூரில், அந்தக் கூரைக்குக் கீழே.

என் பாஸ்போர்ட் இப்போது என் அலமாரியில், கரண்ட் பில்களோடு கிடக்கிறது. போன வருஷம் ஆபீஸ் தோழிகளோடு ஜார்ஜியா போனேன். அலமாரியைத் திறந்தேன், எடுத்தேன், போனேன். யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் ஏதோ குறைகிறாற்போல இருந்ததால் செல்வராஜ் அண்ணனுக்குப் போன் செய்து, இப்படி ஜார்ஜியாவுக்குப் போகிறேன் என்றேன்.

"சரி, என்னிக்குத் திரும்புவ?" என்றார்.

தேதியைச் சொன்னேன். எழுதிக்கொள்ள வீட்டில் யாரிடமோ பேனா கேட்டார்.